உங்களுக்குப் பிடித்த ஆல்பம் எது?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், 'வேலை நேரம் போக' என்ற வரிசையில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதித் தந்திருக்கிறேன். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டேன்.)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பங்குச் சந்தை பற்றிச் சொன்னார். நிறையப் பேர் குறித்துக்கொண்டீர்கள். அவருக்கு முன்னால் பேசிய அக்கா மாடித் தோட்டம் பற்றிச் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டீர்கள். நான் பேசப் போவதில் யாருக்கும் ஒரு பைசா லாபம் கிடையாது. ஒரு கத்தரிக்காய்கூடக் காய்க்காது. அதனால் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம்.

பேச்சு ஒரு சங்கீதத்தைப் பற்றியது. பெயர் ப்ராக்ரெஸிவ் ராக். ரசிகர்கள் செல்லமாக 'ப்ராக்' என்பார்கள். 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டிருந்த சில இளைஞர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாட்டு என்றால் ஏன் மூணு நிமிஷத்தில் முடியணும்? ஏன் காதலைப் பற்றியே இருக்கணும்? ஏன் தாளம் நாலிலேயே போகணும்? இந்த மூன்று கேள்விக்கும் அவர்கள் சொன்ன பதில்தான் ப்ராக். மேல்நாட்டுச் சாஸ்திரிய சங்கீதம், ஜாஸ், தேவாலய ஆர்கன், நாட்டுப் பாடல் எல்லாவற்றையும் ராக்கோடு கலந்தார்கள். இருபது நிமிஷப் பாட்டு, நடுவில் நாலு தடவை தாளம் மாறும், பாடுகிறவர் பாதி நேரம் சும்மா நிற்பார். எங்கள் வீட்டில் இதைக் கேட்டுவிட்டு, "என்னப்பா, நாலு பாட்டு ஒண்ணா ஓடுதா?" என்று கேட்டார்கள். அதைவிட நல்ல விளக்கத்தை நான் புத்தகத்தில் படித்ததில்லை.

கல்லூரி மேடையில் இதைப் பேசுவதற்கு நியாயம் இருக்கிறது. இந்தக் குழுக்களில் பல, படிக்கிற இடத்தில் சேர்ந்தவை. ஜெனிசிஸ் குழுவைத் தொடங்கியவர்கள் சார்ட்டர்ஹவுஸ் என்ற விடுதிப் பள்ளியின் மாணவர்கள். பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிக் ரைட் மூவரும் லண்டன் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக் கலை படிக்கப் போய்ச் சந்தித்தவர்கள். கட்டடம் கட்டினார்களோ இல்லையோ, 1979-ல் 'தி வால்' என்று ஒரு சுவரைக் கட்டிவிட்டார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து மாணவர்கள் 1967-ல் தொடங்கிய குழுவுக்கு 'வான் டர் கிராஃப் ஜெனரேட்டர்' என்று பெயர். ஆமாம், பிளஸ் டூ இயற்பியலில் படம் போட்டுப் பாகம் குறித்தோமே, அதே மின்னியற்றிதான். பெயரை எழுத்துப் பிழையோடு வைத்துவிட்டார்கள். நம் வாத்தியார் திருத்தியிருந்தால் அரை மார்க் போயிருக்கும்.

இந்த இசைக்குப் பிறந்த தேதி கேட்டால், பெரும்பாலான ரசிகர்கள் 1969 அக்டோபர் 10 என்பார்கள். கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் ஆல்பம் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்ஸன் கிங்' வெளிவந்த நாள். மொத்தம் ஐந்தே பாட்டு. அட்டையில் வாயைப் பிளந்து அலறுகிற ஒரு சிவந்த முகம் இருக்கும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதை வரைந்தவர் பாரி காட்பர். அவர் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமர், நம்ம தொழில்காரர்! அவர் வரைந்த ஆல்பம் அட்டை அது ஒன்றுதான். அடுத்த பிப்ரவரியில், 24 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். ஒரு மனிதன் வேலை நேரம் போக என்ன செய்தான் என்பதுதான் சில சமயம் ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் நிற்கிறது.

எஞ்சினியர்கள் என்பதால் இரண்டு தொழில்நுட்பச் செய்தி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஏன் இருபது நிமிஷம்? பன்னிரண்டு அங்குல எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலியோடு ஏறக்குறைய அவ்வளவுதான் கொள்ளும். அதற்கு மேல் திணித்தால் வரிப்பள்ளங்களை நெருக்க வேண்டும், ஒலி மெலிந்துபோகும். ஆக, ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு என்ற இலக்கணத்தை வகுத்ததில் கலைஞர்களுக்குப் பாதிப் பங்கு, வினைலுக்குப் பாதிப் பங்கு. பின்னாளில் 74 நிமிஷம் கொள்ளும் சி.டி. வந்ததும் ஆல்பங்களும் அந்த அளவுக்கு நீண்டன. பாத்திரத்துக்குத் தக்கபடி தண்ணீர்.

இரண்டாவது, மெல்லோட்ரான். பர்மிங்ஹாமில் செய்த ஒரு கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடாத் துண்டு. அதில் வயலினோ புல்லாங்குழலோ பதிவு செய்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும். பிறகு மறுபடி அழுத்தணும். பழைய ப்ராக் ஆல்பங்களில் பின்னால் கேட்கிற, கொஞ்சம் நடுங்குகிற அந்த வயலின் கூட்டம் பெரும்பாலும் இதுதான். அந்த நடுக்கத்துக்காகவே உயிரை விடுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள்.

சரி, ரசிகர்கள் என்றேனே, அவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்தது. இரண்டு ப்ராக் ரசிகர்கள் சந்தித்தால் முதல் கேள்வி, "உங்களுக்குப் பிடித்த ஆல்பம் எது?" பதில் சொன்ன மறு நிமிஷம் சண்டை. நம் ஊரில் தியாகராஜரா தீட்சிதரா என்று காபி ஆறும்வரை வாதாடுவார்களே, அந்த மாதிரி.

இதில் பல கட்சிகள் உண்டு. யெஸ் கட்சிக்காரர்கள் 1972-ல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' என்பார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, மறு பக்கத்தில் இரண்டு. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலின் சாயல் அதில் உண்டு. அதற்கடுத்த வருஷம் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' ஆல்பத்தில்தான் கட்சி உடைந்தது. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் ஓர் அடிக்குறிப்பு. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று சாஸ்திரங்களை நாலாகப் பிரித்துச் சொல்கிறது. பாடகர் ஜான் ஆண்டர்சன் அதைப் படித்தார். அந்த நாலுக்கும் நாலு பாட்டு, பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் இரண்டு எல்.பி.! நாம் படிக்கிற புத்தகத்தில் அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடுவோம். அவர் எண்பது நிமிஷம் பாடினார். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கு இது பிடிக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரியில், தன் பங்கு வராத நேரத்தில், மேடையிலேயே உட்கார்ந்து கறியும் சோறும் சாப்பிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1974-ல் குழுவை விட்டும் போனார். இன்றுவரை ரசிகர்களில் பாதிப் பேர் இந்த ஆல்பத்தை வேதம் என்பார்கள், மீதிப் பேர் கறி சாப்பிட்டவர் பக்கம்.

ஜெனிசிஸ் கட்சியில் பீட்டர் கேப்ரியல் அணி, ஃபில் காலின்ஸ் அணி என்று இரண்டு. 1975-ல் கேப்ரியல் விலகினார், பின்னால் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த காலின்ஸ் முன்னால் வந்து பாடினார். கேப்ரியல் அணிக்கு 1973-ன் 'செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்'. காலின்ஸ் அணிக்கு 1976-ன் 'எ ட்ரிக் ஆஃப் த டெயில்'.

ஜெத்ரோ டல் கதை இன்னும் வேடிக்கை. 1971-ல் அவர்கள் போட்ட 'அக்வாலங்' ஆல்பத்தை விமரிசகர்கள், முழுக்க ஒரே கருத்தில் அமைந்தது என்றார்கள். இயன் ஆண்டர்சன், "அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. சரி, கேலி செய்வோம் என்று 1972-ல் 'திக் ஆஸ் எ பிரிக்' போட்டார். இரண்டு பக்கமும் ஒரே பாட்டு, எட்டு வயதுப் பையன் எழுதிய கவிதை என்று ஒரு கட்டுக்கதை, அட்டையே 12 பக்கப் பொய்ச் செய்தித்தாள். கேலிக்குச் செய்தது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. இன்று அவர் ஆல்பங்களில் அதுதான் உசத்தி என்று சொல்லும் ரசிகர்கள் ஏராளம்.

பிங்க் ஃபிளாய்ட் விஷயத்தில், அது ப்ராக்கா இல்லையா என்பதே வழக்கு. 1973-ன் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', 1988 வரையிலான காலத்தில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்தது. பதினாலு வருஷத்துக்கு மேல்! இராமர் வனவாசம் முடிந்து பட்டாபிஷேகமே ஆகியிருக்கும். அதில் 'மனி' என்ற பாட்டுக்கு மிஸ்ர சாபு போட்டுப் பாருங்கள், ஏழில் சரியாக உட்காரும். கிட்டார் தனியாக வாசிக்கிற இடத்தில் மட்டும் நாலுக்கு மாறும். ஏழில் கேட்பது நம் காதுக்குப் புதிசு இல்லை. இந்த இசை எனக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொண்டதற்கு, சின்ன வயதில் கோயில் நாகஸ்வரம் கேட்டதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கணக்குப் பிரியர்கள் கனடாவின் ரஷ் கட்சி. 1981-ல் அவர்கள் 'ஒய்.ஒய்.ஸெட்' என்று ஒரு வாத்திய இசை போட்டார்கள். அது டொரான்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த மூன்று எழுத்தின் மோர்ஸ் தட்டலே தொடக்கத் தாளம். வேலை முடித்து ஊர் திரும்புகிறவன் காதில் முதலில் விழுகிற சத்தம். இந்தக் குழுவை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணம். 1975-ல் அவர்கள் ஆல்பம் சரியாகப் போகவில்லை. நீளப் பாட்டெல்லாம் வேண்டாம், சின்னதாகப் போடுங்கள் என்று கம்பெனியில் நெருக்கினார்கள். அவர்கள் 1976-ல் ஒரு பக்கம் முழுக்க இருபது நிமிஷப் பாட்டோடு '2112' போட்டார்கள். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1976, 77-ல் பங்க் வந்தது. மூணு ஸ்வரம், ரெண்டு நிமிஷம், கோபம். ப்ராக் என்றால் கேலிப் பொருள் ஆனது. செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜானி ராட்டன் பிங்க் ஃபிளாய்ட் பனியனில் 'வெறுக்கிறேன்' என்று எழுதிப் போட்டுக்கொண்டார். ஆனால் பாருங்கள், அதே மனிதர் 1977-ல் லண்டன் கேப்பிட்டல் ரேடியோவில் தனக்குப் பிடித்த ரெக்கார்டுகளைப் போடச் சொன்னபோது, வான் டர் கிராஃப் ஜெனரேட்டரின் பீட்டர் ஹாமில் பாட்டைப் போட்டார். பனியனில் இருந்தது கட்சி, ரேடியோவில் வந்தது ரசனை. இரண்டும் ஒன்றாக இருக்கணும் என்று சட்டம் இல்லை.

கேலிக்கெல்லாம் ரசிகர்கள் அசையவில்லை. 1997-ல் மாரில்லியன் குழுவுக்கு அமெரிக்கா போய்க் கச்சேரி செய்யப் பணம் இல்லை. ரசிகர்களே சுமார் 60,000 டாலர் வசூல் செய்து கூப்பிட்டார்கள். 2001-ன் ஆல்பத்துக்கு, ஒரு பாட்டும் பதிவாகாத முன்பே சுமார் 12,000 பேர் பணம் கட்டினார்கள். நம் சங்கப் பொருளாளர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவது எனக்கு இங்கே தெரிகிறது.

"எல்லாம் சரி தம்பி, உனக்கு எது?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இது 'சிறந்தவை' பட்டியல் இல்லை. எனக்குப் பிடித்தவை, அவ்வளவுதான். சிறந்தது எது என்பதற்கு நடுவர் வேணும். பிடித்தது எது என்பதற்கு நான் ஒருத்தனே சாட்சி.

ஒன்று, கிங் கிரிம்ஸனின் 'ரெட்', 1974. இது கடைக்கு வரும் முன்பே குழுவைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார் ராபர்ட் ஃபிரிப். கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்', 12 நிமிஷம். நடுவில் கிட்டாரில் ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். கீழே தாளம் பதிமூன்றில் சுற்றும். பிரஷர் குக்கர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். விசில் எப்போ வரும் என்று காத்திருப்பதே சுகம்.

இரண்டு, 'செல்லிங் இங்கிலாந்து'. அதில் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டில் முதலில் புல்லாங்குழலில் வருகிற மெட்டைப் பிறகு ஸ்டீவ் ஹாக்கெட் கிட்டாரில் விரித்து வாசிப்பார். அவசரமே இல்லாத வாசிப்பு.

மூன்று, பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்', 1975. குழுவின் முதல் தலைவர் சிட் பாரெட் மனநலம் குன்றி 1968-ல் விலகியவர். அவரை நினைத்து எழுதிய பாட்டு அதில் இருக்கிறது. 1975 ஜூனில் அந்த ஆல்பத்தின் வேலை நடக்கும்போது, தலையும் புருவமும் மழித்த ஒரு பருத்த மனிதர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். வந்தவர் சிட் என்று பழைய நண்பர்களுக்கே சற்று நேரம் அடையாளம் தெரியவில்லை. சந்திப்பு விழாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அறிய வேண்டிய கதை இது.

நான்கு, போர்க்குபைன் ட்ரீயின் 'ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானெட்', 2007. திரைக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எதிலும் ருசி இல்லாமல் போன பிள்ளைகளைப் பற்றியது. இந்தக் குழு 2009 டிசம்பரில் மும்பை ஐ.ஐ.டி.யின் மூட் இண்டிகோ விழாவில் வாசித்தது. ஒரு கல்லூரி விழாவில்! நம் விழாக் குழுவினர் கவனிக்கவும்.

ஐந்தாவதுதான் நான் சொல்ல வந்தது. ஜென்டில் ஜயன்ட் குழுவின் 'த்ரீ ஃப்ரெண்ட்ஸ்', 1972. ஷுல்மன் சகோதரர்கள் மூன்று பேர் இதற்கு முன் வேறு பெயரில் ஒரு பாப் குழு வைத்திருந்தார்கள். 1967-ல் ஒரு பாட்டு பெரிய வெற்றியும் கண்டது. அந்த வெற்றியே பிடிக்காமல் அதைக் கலைத்துவிட்டு இதைத் தொடங்கினார்கள். கடைசிவரை பெரிய வசூல் பார்க்கவில்லை, 1980-ல் முடித்துக்கொண்டார்கள்.

'த்ரீ ஃப்ரெண்ட்ஸ்' கதை இதுதான். ஒரே பள்ளியில் மூன்று நண்பர்கள். வளர்ந்ததும் ஒருவன் உடலுழைப்புத் தொழிலாளி, ஒருவன் ஓவியன், ஒருவன் பெரிய வேலை, வீடு, கார். முதல் பாட்டில் மூன்று பேரும் சேர்ந்து இருக்கிறார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பாட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கடைசிப் பாட்டில் பிரிவு மட்டும் இருக்கிறது. யார் ஜெயித்தான், யார் தோற்றான் என்று ஆல்பம் தீர்ப்பு சொல்லவில்லை. சண்டையும் இல்லை, துரோகமும் இல்லை. வாழ்க்கை ஆளுக்கு ஒரு பக்கம் கொண்டுபோய்விட்டது, அவ்வளவுதான்.

இந்த ஆல்பத்தை எனக்குக் கொடுத்தவன் எங்கள் செட்டில் ஒருவன். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்குப் பிடிக்காது. விடுதியில் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைவான். "டேய், இதைக் கேளு, நடுவுல எந்திரிக்காதே" என்று சொல்லிவிட்டுக் கதவருகே காவல் நிற்பான். இங்கே நான் இத்தனை நேரம் பேசியதில் முக்கால்வாசி அவன் போட்ட பிச்சை. அவன் சில பேப்பரை முடிக்கவில்லை. இப்போது ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். நல்ல கைவேலைக்காரன். பக்கத்துக் கிராமத்து விவசாயிகளெல்லாம் பம்ப் செட் மோட்டாரை அவனிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

இந்தச் சந்திப்புக்கு வரச் சொல்லி போன மாதம் கூப்பிட்டேன். "நான் அங்க வந்து என்னடா சொல்றது? எல்லாரும் கார்டு எடுத்து நீட்டுவீங்க. எங்கிட்ட கடை பில் புக்குதான் இருக்கு" என்றான். என்ன பதில் சொல்வது? கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவனே, "அது போகட்டும். ஃபில் ஷுல்மன் விலகினப்புறம் ஜென்டில் ஜயன்ட் தேறுச்சா இல்லையா, இப்பவாச்சும் ஒத்துக்கோ" என்றான். முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். மோட்டார் கடையும் என் பதவியும் அந்த முக்கால் மணி நேரத்தில் எங்கே போயின என்று தெரியவில்லை. அவன் பக்கம்தான் வாதம் பலமாக இருந்தது, வழக்கம்போல.

காலையில் வாசலில் பதிவுப் படிவம் கொடுத்தார்கள். பெயர், பிரிவு, முடித்த ஆண்டு, பதவி, நிறுவனம், முகவரி. ஆறு கட்டம். இதில் 'முடித்த ஆண்டு' அவனை நிறுத்துகிறது, 'பதவி' இன்னும் சிலரை நிறுத்துகிறது. வேலை போனவர்கள், பிள்ளைக்காக வேலையை விட்ட தங்கைகள், ஏதோ காரணத்தால் தங்களைத் தாங்களே குறைவாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள், இவர்களெல்லாம் அந்தப் படிவத்தை மனதில் நிரப்பிப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நாம் வந்தவர்களை எண்ணிப் பார்த்துக் கைதட்டிக்கொள்கிறோம்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த ஆண்டுப் படிவத்தில் 'முடித்த ஆண்டு' என்பதைச் 'சேர்ந்த ஆண்டு' என்று மாற்றுங்கள். சேர்ந்தவர்கள் எல்லோரும் நம்மவர்கள்தான். 'பதவி', 'நிறுவனம்' இரண்டையும் எடுத்துவிட்டு, 'உங்களுக்குப் பிடித்தது எது?' என்று ஒரு கட்டம் போடுங்கள். இளையராஜா என்று ஒருவர் எழுதட்டும், மாடித் தோட்டம் என்று ஒருவர் எழுதட்டும், மீன் குழம்பு என்று எழுதினாலும் தப்பில்லை. அந்தக் கட்டத்தை நிரப்ப யாருக்கும் கூச்சம் இருக்காது. பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

ப்ராக் கேட்டுத்தான் ஆகணும் என்று நான் யாரையும் வற்புறுத்தவில்லை. கேட்டுப் பார்க்க ஆசை வந்தால், வாரத்தில் ஒரு நாள், ஒரு நாற்பது நிமிஷம், கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள். வரும்போது, இந்த ஆண்டு வராத ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். நானும் ஒருவனைக் கூட்டி வர முயற்சி செய்கிறேன்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இருபது நிமிஷம்தான், ஒரு எல்.பி. பக்கம்.